வாசனை எண்ணெயும் நம் தோலும்

(புதுச்சேரியில் நடைபெற்ற உழவர் கூட்டத்தில் உழவியல் விரிவுரையாளர் ஆற்றிய உரை)



எலுமிச்சைப்புல்லையும் வெட்டிவேரையும் பயிரிடும் முறை பற்றிப் பலரும் பேசியிருக்கிறார்கள். அவற்றிலிருந்து வடித்த எண்ணெய் உடம்பில் பட்டால் என்ன ஆகும் என்பதை இன்று காண்போம். நமக்குத் தெற்கே கடலூர்க் கடலோர மணலில் வெட்டிவேர் விளைகிறது. வடக்கே, 1968-இல் தோன்றிய ஆரோவில்லில் ஊதுபத்தியோடு உடல் எண்ணெயும் செய்து விற்கிறார்கள். "நாமும் புட்டியில் அடைத்து விற்றால் என்ன?" என்று மகளிர் குழுவினர் கேட்கிறார்கள். கேட்பது நியாயமே.

முதலில் என் வீட்டில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். மாணவனாக இருந்தபோது நானே வடித்த எலுமிச்சைப்புல் எண்ணெயை ஒரு சிறு புட்டியில் ஊருக்கு எடுத்துச் சென்றேன். மூட்டுவலிக்கு நல்லது என்று அம்மா அதை அப்படியே இரண்டு முழங்காலிலும் தேய்த்துக்கொண்டார். இரவெல்லாம் எரிச்சல், விடிந்தபோது சிவந்து கொப்புளம். "புல்லுச் சாறுதானேப்பா, என்ன செய்யும்னு நெனச்சேன்" என்றார். ஆற இரண்டு வாரம் ஆயிற்று. தவறு அவருடையதன்று, கொடுத்தபோது நான்தான் ஒன்றும் சொல்லவில்லை.

அது சாறு அன்று. நூறு கிலோ பச்சைப் புல்லை நீராவியில் வடித்தால் அரைக் கிலோவுக்கும் குறைவாகவே எண்ணெய் கிடைக்கும். அதில் ஏறத்தாழ முக்கால் பங்கு சிட்ரால் என்ற பொருள். எலுமிச்சை வாசனை தருவதும் அதுவே, சிலர் தோலில் ஒவ்வாமை உண்டாக்குவதும் அதுவே. புட்டியின் மேல் பெயர் குறிக்கவேண்டிய 26 வாசனைப் பொருள்களை ஐரோப்பிய நாடுகள் 2003-இல் பட்டியலிட்டபோது சிட்ராலும் அதில் இடம்பெற்றது. உடம்பில் பூசும் எண்ணெயில் இலட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் இருந்தாலே அங்கு பெயரைப் போடவேண்டும். 2023-இல் அப்பட்டியல் இன்னும் நீண்டது.

ஆகவே, ஒரு லிட்டர் நல்லெண்ணெய்க்கோ தேங்காய் எண்ணெய்க்கோ எலுமிச்சைப்புல் எண்ணெய் 5 மில்லிக்கு மேல் வேண்டாம். வெட்டிவேர் எண்ணெய் அவ்வளவு காரமானதன்று. 10 மில்லி வரை சேர்க்கலாம். பூச்சிமருந்தை மூடியால் ஊற்றிப் பழகிய கை நம்முடையது. இங்கே அது உதவாது, அளவுக்குழல் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வாமை முதல் நாளே தெரியாது. பலமுறை பட்ட பிறகுதான் உடம்பு அதைப் பகையாகக் கொள்ளும். கலந்த எண்ணெயை முழங்கையின் உட்புறம் காசளவு இடத்தில் நாளுக்கு இருமுறை, ஒரு வாரம் தடவிப் பாருங்கள். அரிப்போ சிவப்போ கண்டால் நிறுத்திவிடுங்கள். கைக்குழந்தைகளுக்கு வாசனை எண்ணெய் வேண்டவே வேண்டாம். கற்பூரம் கலந்ததானால் வலிப்பே வரக்கூடும்.

எண்ணெயின் வயதும் முக்கியம். ஆரஞ்சுத் தோல் எண்ணெயிலுள்ள லிமோனீன், மற்றும் பல மலர் எண்ணெய்களிலுள்ள லினலூல் ஆகியவை புதிதாக இருக்கையில் அதிகத் தொல்லை தருவதில்லை. காற்றுப்பட்டுப் பழசானால் கடுமையான ஒவ்வாமைப் பொருள்களாக மாறும். நிறப்புட்டியில் கழுத்துவரை நிரப்பி, இறுக மூடி, நிழலில் வையுங்கள். வடித்த தேதியை மறவாமல் எழுதுங்கள்.

வெயிலில் உழைக்கும் நமக்கு இன்னொன்று. பிழிந்தெடுத்த எலுமிச்சைத் தோல் எண்ணெயையும் பெர்கமட் எண்ணெயையும் பூசிக்கொண்டு வெயிலில் நின்றால் தோல் வெந்து கருக்கும். கொலோன் பூசியவர்களுக்கு இப்படிக் கருத்ததை மருத்துவர்கள் 1916-இலேயே எழுதியிருக்கிறார்கள். கழுத்தில் பதக்கம் தொங்குவதுபோல் கருமை வழிந்திருந்ததால், பதக்கத்தைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லையே அந்நோய்க்குப் பெயராக வைத்தார்கள். பெயரில் எலுமிச்சை இருந்தாலும் புல்லெண்ணெயில் இந்தக் குற்றம் இல்லை.

கடைகளில் மலிவாக விற்கும் உடல் எண்ணெய் பலவற்றில் பெரும்பங்கு லிக்விட் பாரபின். அதை இகழ்ந்து பேசுவோர் உண்டு. சுத்திகரித்த பாரபினால் ஒவ்வாமை வருவது அரிது. "இயற்கை" என்று நாம் பெருமையுடன் எழுதும் வாசனைதான் அரிப்பைத் தரும். கசப்பாக இருந்தாலும் உண்மை அது.

விற்பனைக்குத் தயாரிக்க, 2020-ஆம் ஆண்டு அழகுப் பொருள் விதிகளின்படி உரிமம் பெறவேண்டும். சேர்த்த பொருள்கள், தொகுதி எண், காலாவதித் தேதி, முகவரி ஆகியவை புட்டியில் இருக்கவேண்டும். "மூட்டுவலி தீரும்" என்று ஒரு வரி சேர்த்தால் அது மருந்தாகிவிடும். அதற்கு உரிமமே வேறு.