மழைக்கு முன்பே கூரையைச் சோதிக்க வேண்டும்



தைப்பிங் மக்களுக்கு மழையைப் பற்றி யாரும் பாடம் நடத்தத் தேவையில்லை. தீபகற்ப மலேசியாவிலேயே அதிக மழை பெறும் ஊர் என்று பெயர் வாங்கிய ஊர் இது. இன்றைக்கு எத்தனை மணிக்கு மழை வரும் என்று பந்தயம் கட்டிய கதையை இங்குள்ள பெரியவர்கள் இன்றும் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். இப்படிப்பட்ட ஊரில் வீட்டுக் கூரையில் ஓட்டை விழுந்தால் என்ன நடக்கிறது? மழை கொட்டும்போது எங்கே சொட்டுகிறது என்று பார்த்து ஒரு வாளியை வைக்கிறார்கள். மறுநாள் ஆள் கூப்பிட்டு அடைக்கிறார்கள். வீட்டுக்கு அது போதும்.

ஆனால் மழை வந்த பிறகு ஓட்டையைத் தேட முடியாத கட்டடம் ஒன்று உலகில் இருக்கிறது. அதுதான் அணு உலையைச் சுற்றி எழுப்பப்படும் கவசக் கட்டடம். உலைக்குள் விபத்து நடந்து கதிரியக்கப் பொருள் கசிந்தால், அது வெளியே போகாமல் தடுக்கும் கடைசிச் சுவர் அது. விபத்து நடந்த நாளில் உள்ளே போய் எங்கே ஒழுகுகிறது என்று பார்க்க எவராலும் முடியாது.

இந்தப் பேச்சு இப்போது ஏன் தேவைப்படுகிறது? நம் நாட்டில் அணுமின் நிலையம் கிடையாது. பாங்கியில் 1982 ஜூன் மாதம் இயங்கத் தொடங்கிய ஒரு சிறிய ஆராய்ச்சி உலை மட்டுமே உண்டு. அணுமின் திட்டத்திற்காக 2011-இல் ஒரு கழகம் அமைக்கப்பட்டது. 2018-இல் அன்றைய பிரதமர் துன் மகாதீர், அணுமின் நிலையம் வேண்டாம் என்று அறிவித்தார். ஆனால் 2025-இல் தாக்கல் செய்யப்பட்ட 13-ஆவது மலேசியத் திட்டத்தோடு அந்தப் பேச்சு மீண்டும் மேசைக்கு வந்திருக்கிறது. பேச்சு வந்துவிட்டால் மக்கள் கேட்க வேண்டிய கேள்விகளும் வர வேண்டும் அல்லவா?

பேரா கற்ற பாடம்

அந்தக் கேள்விகளைக் கேட்கப் பேரா மக்களுக்குத் தனி உரிமை உண்டு. காரணம், புக்கிட் மேரா. பெயரைக் கேட்டதும் தைப்பிங் நேயர்களுக்குச் செமாங்கோல் பக்கமுள்ள ஏரி நினைவுக்கு வரலாம். இங்கே சொல்வது அதையல்ல. ஈப்போவுக்கு அருகே லாஹாட் வட்டாரத்தில் இருக்கும் புக்கிட் மேரா புதுக்கிராமத்தைத்தான்.

ஈய லம்பங்களில் ஈயத்தைப் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சும் கசட்டு மணலை 'ஆமாங்' என்பார்கள். அதிலிருந்து அரிய மண் தனிமங்களை எடுக்க, ஏசியன் ரேர் எர்த் என்ற ஆலை 1982-இல் புக்கிட் மேராவில் இயங்கத் தொடங்கியது. வேண்டியதை எடுத்த பிறகு மீந்தது தோரியம் கலந்த கழிவு. தோரியத்தின் கதிரியக்கம் பாதியாகக் குறைய ஏறத்தாழ 1,400 கோடி ஆண்டுகள் ஆகும். அதைப் போட்டுவைக்க நிரந்தரமான இடம் தயாராகும் முன்பே ஆலை ஓடத் தொடங்கிவிட்டது. தவறு அங்கேதான் ஆரம்பமானது.

பிறகு பாப்பானில் கான்கிரீட் குழிகள் கட்டினார்கள். ஊர் மக்கள் 1984-இல் திரண்டு எதிர்த்தார்கள். அரசு அழைத்துவந்த பன்னாட்டு அணுசக்தி முகமையின் குழுவே அந்தக் குழிகள் பாதுகாப்பானவை அல்ல என்று சொன்னது. மக்கள் குரல் எழுப்பாமல் இருந்திருந்தால் வெளியார் வந்து பார்த்திருப்பார்களா? பார்க்காமல் இருந்திருந்தால் அந்தக் குழிகளே போதும் என்று விட்டிருப்பார்கள். கடைசியில் கிளேடாங் மலைத்தொடரில் வேறு இடம் தேர்ந்தெடுக்கப்பட்டது.

1985 பிப்ரவரியில் புக்கிட் மேரா மக்கள் எட்டுப் பேர், ஊரார் அனைவருக்காகவும் ஈப்போ உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார்கள். குழந்தைகளுக்கு வந்த ரத்தப் புற்றுநோய், கருச்சிதைவுகள் என்று தங்கள் துயரத்தை அங்கே வைத்தார்கள். ஆலைத் தரப்பு குற்றச்சாட்டுகளை மறுத்தது. 1992 ஜூலை 11-இல் உயர்நீதிமன்றம் ஆலையை மூட ஆணையிட்டது. 1993 டிசம்பரில் உச்சநீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது. உரிமத்தை ரத்து செய்யும்படி மக்கள் அணுசக்தி உரிம வாரியத்திடம்தான் போயிருக்க வேண்டும் என்பது அது சொன்ன காரணங்களில் ஒன்று. வழக்கில் வென்ற ஆலை, 1994 ஜனவரியில் தானாகவே மூடப்போவதாக அறிவித்தது. ஆனால் கழிவு எங்கும் போய்விடவில்லை. துப்புரவுப் பணிக்குச் சுமார் 10 கோடி அமெரிக்க டாலர் ஆவதாக 2011-இல் செய்திகள் வந்தன.

புக்கிட் மேராவில் இருந்தது அணு உலையல்ல. ஆனால் பாடம் ஒன்றுதான். ஆபத்தான பொருளை உள்ளே வைத்துவிட்டு அடைப்பைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றால், பிறகு வருவது வழக்கும் கண்ணீரும்தான்.

சுவர் மட்டும் போதுமா?

அணு உலையில் இந்தப் பாடத்தை எப்படி விதியாக்கியிருக்கிறார்கள் என்று பார்ப்போம். கவசக் கட்டடம் என்றதும் தடித்த கான்கிரீட் சுவர்தான் எல்லார் கண்ணிலும் படுகிறது. சுவர் முக்கியம்தான். ஆனால் நீராவி போகும் குழாய், தண்ணீர் வரும் குழாய், மின்கம்பிகள், ஆட்கள் நுழையும் வாசல் எல்லாம் அந்தச் சுவரைத் துளைத்துக்கொண்டுதான் போகின்றன. ஒவ்வொரு துளையும் ஒரு கதவு. கதவு திறந்து கிடந்தால் சுவரின் கனத்தால் என்ன பயன்?

ஆகவே ஆட்கள் நுழையும் வழியில் இரண்டு கதவுகள் கொண்ட ஓர் அறை இருக்கும். ஒன்று மூடினால்தான் மற்றது திறக்கும். குழாய்களில் பொதுவாக இரண்டு அடைப்பு வால்வுகள் இருக்கும். ஒன்று பழுதானாலும் மற்றொன்று மூடும். விபத்து அறிகுறி தெரிந்த உடனே அவை தாமாக மூடிக்கொள்ள வேண்டும்.

இனி, கசிவுச் சோதனை. கட்டடத்தை அடைத்து, உள்ளே காற்றை அழுத்திச் செலுத்தி, விபத்தின்போது வரக்கூடிய அழுத்தத்தை உண்டாக்குவார்கள். பிறகு பல மணி நேரம் காத்திருந்து, எவ்வளவு காற்று வெளியே கசிந்தது என்று அளப்பார்கள். ஒரு நாளைக்கு உள்ளே இருக்கும் காற்றில் 0.1 முதல் 0.5 விழுக்காடு வரையே பல உலைகளில் அனுமதி. அதற்கு மேல் போனால் ஓட்டை எங்கே என்று தேடி அடைத்தாக வேண்டும். மழை வருவதற்கு முன்பே கூரை மேல் தண்ணீர் ஊற்றிப் பார்ப்பது போன்றது இது. கதவுகளுக்கும் வால்வுகளுக்கும் தனித்தனிச் சோதனைகளும் உண்டு.

சோதனையில் தேறிவிட்டால் வேலை முடிந்ததா? இல்லை. அமெரிக்காவில் அழுத்த நீர் உலைகளுக்கு வகுக்கப்பட்டுள்ள மாதிரி இயக்க விதிகளைப் பாருங்கள். உலை இயங்கும்போது கவசக் கட்டடம் தன் வேலையைச் செய்ய முடியாத நிலை என்று தெரிந்தால், ஒரு மணி நேரத்தில் சரிசெய்ய வேண்டும். முடியாவிட்டால் அடுத்த 6 மணி நேரத்திற்குள் உலையை நிறுத்த வேண்டும். 36 மணி நேரத்திற்குள் அதைக் குளிர்ந்த நிலைக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். 'இந்த வாரம் மின்தேவை அதிகம், அடுத்த வாரம் பார்க்கலாம்' என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை. கட்டடத்துக்குள் இருக்கும் அழுத்தம், வெப்பம், தண்ணீர் தெளித்துக் குளிர்விக்கும் கருவிகள் என்று ஒவ்வொன்றுக்கும் இப்படி எல்லையும் கெடுவும் உண்டு.

விபத்துகள் சொன்ன சாட்சி

இந்த விதிகள் ஏட்டுச் சுரைக்காய் அல்ல. ஒவ்வொன்றுக்கும் பின்னால் அனுபவம் இருக்கிறது.

1979 மார்ச் 28-இல் அமெரிக்காவின் திரீ மைல் ஐலண்டு உலையில் எரிபொருளில் ஏறக்குறைய பாதி உருகியது. உள்ளே ஹைட்ரஜன் எரிந்தது. ஆனாலும் கவசச் சுவர் தாங்கி நின்றது. ஆனால் அதே நாளில் என்ன நடந்தது தெரியுமா? கட்டடத்தின் அடியில் தேங்கிய தண்ணீரை ஒரு பம்பு தன் வழக்கமான வேலையாகப் பக்கத்துக் கட்டடத்திற்கு இறைத்துக்கொண்டிருந்தது. உள்ளே அழுத்தம் குறிப்பிட்ட அளவு ஏறினால்தான் குழாய்கள் தாமாக மூடும் என்று அங்கே அமைத்திருந்தார்கள். அந்த அழுத்தம் வெகுநேரம் கழித்தே வந்தது. பம்பை இயக்குநர்கள் கையால் நிறுத்த வேண்டியிருந்தது. அதன் பிறகுதான், ஒரே அறிகுறியை நம்பாமல் பல அறிகுறிகளாலும் வால்வுகள் மூடும்படி விதி மாறியது.

1986 ஏப்ரல் 26-இல் வெடித்த செர்னோபில் உலைக்கு இப்படி முழுமையான கவசக் கட்டடமே இல்லை. விளைவை உலகம் அறியும்.

2011 மார்ச்சில் ஜப்பானின் புகுஷிமாவில் கவசம் இருந்தது. ஆனால் சுனாமியால் மின்சாரம் போய், மூன்று உலைகளில் குளிர்விக்கும் வேலை நின்றது. உள்ளே அழுத்தம் எல்லை மீறியது. கசிந்த ஹைட்ரஜன் மேல்தளங்களில் சேர்ந்து வெடித்தது. நான்காம் உலையில் அப்போது எரிபொருளே ஏற்றப்பட்டிருக்கவில்லை. அந்தக் கட்டடமும் வெடித்தது. மூன்றாம் உலையின் வாயு, இரண்டுக்கும் பொதுவான குழாய் வழியாக அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. மறுபடியும் ஒரு குழாய்தான்!

தமிழகமும் கர்நாடகமும்

நம் சொந்தபந்தங்கள் வாழும் தமிழ்நாட்டுக்கு வருவோம். கூடங்குளத்தில் முதல் உலை 2013-லும் இரண்டாவது 2016-லும் தொடர்வினையை எட்டின. அங்கே கவசச் சுவர் ஒன்றல்ல, இரண்டு. ஹைட்ரஜனைச் சேரவிடாமல் நீராக மாற்றும் கருவிகளும், எரிபொருள் உருகினால் அதை உலைக்கு அடியில் ஏந்திக்கொள்ளும் அமைப்பும் உண்டு. இவ்வளவு இருந்தும் இடிந்தகரை மீனவ மக்கள் 2011 முதல் ஏன் தெருவில் உட்கார்ந்தார்கள்? புகுஷிமாவைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் அவர்கள். கான்கிரீட்டின் கனத்தைச் சொன்னால் மட்டும் அவர்களுடைய அச்சம் தீர்ந்துவிடாது. அதை யார் சோதிக்கிறார்கள், சோதிப்பவர் யாருக்குக் கட்டுப்பட்டவர் என்பதுதான் அவர்களுடைய கேள்வி.

அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. இந்தியாவின் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துக்குப் போதிய தன்னாட்சி இல்லை என்று அந்நாட்டுத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கையே 2012-இல் சுட்டிக்காட்டியது.

கர்நாடகத்தின் கைகாவில் இன்னொரு நிகழ்ச்சி. 1994 மே 13-இல், கட்டுமானத்தில் இருந்த முதல் உலையின் உள்கவசக் கூரையிலிருந்து கான்கிரீட் அடுக்கு பெயர்ந்து விழுந்தது. அப்போது உலை இயங்கவில்லை, எரிபொருள் ஏற்றப்படவில்லை. ஆகவே கதிரியக்க ஆபத்து நேரவில்லை. கூரையை மறுபடி வடிவமைத்துக் கட்டினார்கள். 2000-ஆம் ஆண்டில்தான் அந்த உலை மின்சாரம் தந்தது. ஆண்டுகள் தாமதம், பெரும் செலவு, உண்மைதான். ஆனால் மழைக்கு முன்பே கூரையின் குறை தெரிந்துவிட்டது. அந்தத் தாமதத்தை நஷ்டம் என்று சொல்வதா, பாக்கியம் என்று சொல்வதா? நேயர்களே முடிவு செய்யுங்கள்.

கேட்க வேண்டிய கேள்விகள்

அணுமின்சாரம் வேண்டுமா வேண்டாமா என்று பட்டிமன்றம் நடத்தலாம். இரு பக்கமும் நியாயம் பேச ஆள் உண்டு. நிலக்கரிப் புகையும் ஓர் ஆபத்துதான். ஆனால் எந்தப் பக்கம் நின்றாலும் மூன்று கேள்விகளுக்கு முன்கூட்டியே பதில் வேண்டும்.

முதலாவது, கவசத்தில் குறை கண்டால் சில மணி நேரத்தில் உலையை நிறுத்தும் விதி இருக்கிறதா? மின்சாரம் விற்பவரின் நஷ்டத்தைப் பார்க்காமல் அதை நடைமுறைப்படுத்தும் துணிவு அதிகாரிக்கு இருக்கிறதா?

இரண்டாவது, சோதிப்பவர் யார்? ஆலையை நடத்துபவரே தனக்குத்தானே மதிப்பெண் போட்டுக்கொண்டால் போதாது. முடிவுகள் தோட்டப்புறத்திலும் கம்பத்திலும் புதுக்கிராமத்திலும் வாழும் மக்கள் படித்துப் புரிந்துகொள்ளும் மொழியில் வெளியாக வேண்டும்.

மூன்றாவது, கழிவு எங்கே போகும்? ஆலை ஓடத் தொடங்கும் முன்பே இதற்குப் பதில் வேண்டும். இதைப் பேரா மக்களைவிட உரக்கக் கேட்கக்கூடியவர் இந்நாட்டில் யார்?

பாப்பான் குழிகள் சரியில்லை என்பதை உலகம் அறியக் காரணமாக இருந்தவர்கள் சாதாரண மக்கள். அவர்களுக்கு அணு இயற்பியல் தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. தங்கள் வீட்டுப் பக்கத்தில் என்ன வைக்கப்போகிறார்கள், அது வெளியே வராது என்பதற்கு என்ன உறுதி என்று மட்டும் கேட்டார்கள். அந்தக் கேள்வி இன்றும் போதுமானது.

தைப்பிங்கில் இன்றும் மழை வரும். வீட்டில் ஒழுகினால் வாளி வைக்கலாம். அணு உலைக்கு வைக்க வாளி கிடையாது. ஆகவே மேகம் கூடுவதற்கு முன்பே கூரையில் ஏறிப் பார்க்கச் சொல்வோம். பார்த்தவர் கண்டதை மறைக்காமல் சொல்லவும் வைப்போம்.