வண்டியின் முனகலுக்குச் செவி சாய்ப்போம்

(நெகிரி செம்பிலான் தோட்டமொன்றில் ஓட்டுநர்களும் தொழிலாளர்களும் கூடியிருந்த கூட்டத்தில் தகவல் இலாகா அதிகாரி ஒருவர் ஆற்றிய உரை)

 

நான் ஆசிரியப் பயிற்சி பெற்றவன். பட்டறையில் வளர்ந்தவன் அல்லன். ஆயினும், பணியின் பொருட்டுப் பகாவ், கெமாஸ் வட்டாரங்களின் செம்மண் சாலைகளில் பழைய லேண்ட் ரோவர் வண்டிகளில் பன்முறை பயணம் செய்திருக்கிறேன். அப்பயணங்களுள் ஒன்றை என்னால் மறக்க இயலவில்லை.

பிரசவ வேதனையுற்ற ஒரு தாயைக் கோலப்பிலா மருத்துவமனைக்கு ஏற்றிச் சென்ற வண்டியில் அன்றிரவு நானும் இருந்தேன். பாதி வழியில் முன்விளக்குகள் மங்கின. சிறிது நேரத்தில் அணைந்தே போயின. ஒருவர் கைவிளக்கை ஏந்தி முன்னே நடக்க, வண்டி ஊர்ந்து பெருஞ்சாலையை அடைந்தது. அங்கு வந்த வேறொரு வண்டி உதவியது. தாயும் சேயும் நலமே. ஆயினும் ஓட்டுநர் பின்னர் கூறியது என் நெஞ்சில் தைத்தது: "இரண்டு வாரமாகவே எஞ்சின் பக்கம் ஒரு முனகல் கேட்டது, ஐயா. பேட்டரியை மாற்றினோம், சரியாகிவிடும் என்று இருந்துவிட்டேன்."

பேட்டரி ஒரு நீர்த்தொட்டி போன்றது. அதை நிரப்பும் குழாய்தான் ஆல்டர்னேட்டர். குழாய் அடைபட்டிருக்கும்போது புதுத் தொட்டி வாங்கி வைத்து என்ன பயன்? மேலும், பழைய டீசல் எஞ்சின் ஒருமுறை கிளம்பிவிட்டால் மின்சாரமின்றியே ஓடும். ஆகவே பகலில் குறை வெளிப்படாது. விளக்கு தேவைப்படும் இரவில்தான் அது நம்மைக் கைவிடும்.

குறையை எவ்வாறு கண்டறிவது? முதலில் காது கொடுத்துக் கேளுங்கள். எஞ்சினைக் கிளப்பியதும் கிரீச்சிடும் ஒலி வந்தால், பெல்ட் தளர்ந்தோ தேய்ந்தோ இருக்கலாம். எஞ்சினை நிறுத்திவிட்டுப் பெல்ட்டின் நடுவே கட்டைவிரலால் அழுத்துங்கள். ஏறத்தாழ அரை அங்குலம் தணிந்தால் போதும். கரகரவென்ற இரைச்சல் இடைவிடாது வந்தால் பேரிங் தேய்ந்திருக்கலாம். விளக்குகளை ஏற்றியதும் ரீங்காரம் மிகுந்தால், உள்ளேயுள்ள டையோடு பழுதாகியிருக்கக் கூடும்.

ஐயம் தீரவில்லையா? எஞ்சினை நிறுத்திப் பெல்ட்டைக் கழற்றுங்கள். மீண்டும் கிளப்பி அரை நிமிடம் மட்டும் ஓடவிடுங்கள். அதற்கு மேல் வேண்டா. தண்ணீர்ப் பம்பைச் சுழற்றுவதும் அந்தப் பெல்ட்டே. ஒலி நின்றுவிட்டால், குறை பெல்ட்டிலோ ஆல்டர்னேட்டரிலோ பம்பிலோ இருக்கிறது. எஞ்சினை நிறுத்தியபின் இரண்டையும் கையால் சுழற்றிப் பாருங்கள். சொரசொரப்பும் ஆட்டமும் கைக்குத் தெரியும்.

அடுத்து, வோல்ட் மீட்டரால் பேட்டரியை அளந்து பாருங்கள். நன்கு நிரம்பிய பேட்டரி, எஞ்சின் ஓடாதபோது ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். எஞ்சின் சற்று வேகமாக ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை உயரவேண்டும். உயரவில்லையெனில் மின்னூட்டம் நடைபெறவில்லை. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் பழுது. பேட்டரி கொதித்து வற்றிவிடும். சாவியைத் திருப்பியதும் சிவப்பு எச்சரிக்கை விளக்கு எரியவேண்டும். எஞ்சின் ஓடியதும் அணையவேண்டும். அச்சிறு பல்பு கருகினாலும் பல வண்டிகளில் ஆல்டர்னேட்டர் வேலை செய்யத் தொடங்காது.

விளக்கு மட்டும் மங்கினால், எர்த் இணைப்பைச் சோதியுங்கள். லேண்ட் ரோவரின் மேலுடல் அலுமினியக் கலவை, அடிச்சட்டமோ இரும்பு. இவ்விரண்டும் சேருமிடத்தில் மழையும் சேறும் புகுந்து அரித்துவிடும். அவ்விடத்தைச் சுரண்டித் தூய்மை செய்து இறுக்கினால், காசு செலவின்றியே விளக்கு பளிச்சிடக் கூடும்.

இனி, ஓர் எச்சரிக்கை. 1948-இல் அறிமுகமான லேண்ட் ரோவரில் தொடக்கத்தில் டைனமோ இருந்தது. 1971-இல் வந்த மூன்றாம் வரிசை வண்டிகள் ஆல்டர்னேட்டருடன் வந்தன. டைனமோ காலத்து ஓட்டுநர் சிலர், எஞ்சின் ஓடும்போதே பேட்டரிக் கம்பியைக் கழற்றிச் சோதிப்பதுண்டு. ஆல்டர்னேட்டர் உள்ள வண்டியில் அவ்வாறு செய்யாதீர்கள்! மின்னழுத்தம் திடீரென உயர்ந்து டையோடுகள் கருகிவிடும். அன்றிரவு வண்டியிலும் அதுவே நடந்திருந்ததெனப் பட்டறையில் தெரியவந்தது. முனகலுக்குக் காரணம் தேய்ந்த பெல்ட். அதைச் சோதிக்கப் போய் ஆல்டர்னேட்டரையே கெடுத்துவிட்டார்கள்.

பியூஸ் எரிந்தால் சிகரெட் ஈயத்தாளைச் சுற்றிப் போடாதீர்கள், வயர் தீப்பற்றும். பேட்டரி அருகே நெருப்பு ஆகாது. அதிலிருந்து எழும் வாயு வெடிக்கக் கூடியது.

நண்பர்களே! பால்மரம் சீவும்போது கத்தி சற்று ஆழமாக இறங்கினாலும் உங்கள் கை உணர்ந்துவிடும். அந்தக் கூர்மை காதுக்கும் வேண்டும். ஓட்டுநர் மட்டுமன்று, வண்டியில் ஏறிச் செல்லும் எவர் காதில் புதிய ஒலி விழுந்தாலும் அன்றே சொல்லுங்கள். ஓட்டுநர் அதைக் குறிப்பேட்டில் எழுதட்டும். நாளை அந்த வண்டியில் படுத்திருப்பவர் உங்கள் வீட்டுப் பிள்ளையாகவும் இருக்கலாம்.