சாவிக்கு முன் இரண்டு சுற்று

தஞ்சாவூர்ப் பக்கம் ‘பம்ப்’ என்று சொன்னால் எல்லார் பார்வையும் வயலுக்குத்தான் போகும். ஜூன் 12-ஆம் தேதி மேட்டூர் திறக்காத ஆண்டில் குறுவையைக் கரையேற்றுவது போர் மோட்டார்தானே. காரின் பானட்டுக்குள்ளும் ஒரு பம்ப் இருக்கிறது என்பது அது ஒழுகத் தொடங்கும் வரை யாருக்கும் நினைவில் வருவதில்லை.

இன்றைய உரை அந்தப் பம்பையும் டைமிங் பெல்ட்டையும் பற்றியது. கிராங்கையும் கேம் ஷாஃப்ட்டையும் முறை தப்பாமல் சேர்த்துச் சுற்றவைப்பதே பெல்ட்டின் வேலை. முறை வைத்து மடை திறக்கும் ஊரில் அதைப் பாடமாக நடத்த வேண்டியதில்லை. கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றினால் கேம் ஷாஃப்ட் ஒரு சுற்று. அந்தக் கணக்கில் வால்வுகள் முறைப்படி திறந்து மூட வேண்டும். முறை தவறினால் பல டீசல் எஞ்சின்களில் பிஸ்டன் போய் வால்வில் இடிக்கும். அப்புறம் ஹெட்டை இறக்க வேண்டியதுதான்.

பழைய அம்பாசடர் ஓட்டிய தலைமுறைக்கு இந்தக் கவலை கிடையாது. அதில் இருந்தது செயின். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்த பிறகு பல் வைத்த ரப்பர் பெல்ட் நம் ஊர் ஷெட்டுகளுக்கும் பழகியது. உலகக் கணக்கில் அது இன்னும் மூத்தது: ஜெர்மனியில் 1962-இல் விற்பனைக்கு வந்த கிளாஸ் 1004 காரிலேயே அந்த பெல்ட் ஓடியிருக்கிறது.

இப்போது ஒரு புது வழக்கம் பரவியிருக்கிறது. “பெல்ட் மட்டும் மாத்திக்கலாம்ணே, பம்ப் நல்லாத்தானே இருக்கு.” இதைக் கேட்டாலே இந்த உரையாளருக்குக் கோபம் வரும். டஸ்டர் டீசல், வெரிட்டோ டீசல், போலோ டீசல் போன்ற வண்டிகளில் வாட்டர் பம்பைச் சுற்றுவதே டைமிங் பெல்ட்தான். பம்ப் பேரிங் இறுகினால் பெல்ட்டின் பல் உதிரும். சீல் ஒழுகினால் பெல்ட் நனையும். பம்பைத் தனியாக மாற்ற நினைத்தாலும் புது பெல்ட்டைக் கழற்றித்தான் ஆக வேண்டும். அதே கூலி இரண்டாம் முறை. பெல்ட்டைத் தொட்டால் பம்பையும் மாற்று, பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரையும் மாற்று.

கோபத்துக்குச் சொந்தக் கதையும் உண்டு. ஒரு முறை இவரும் அந்தப் பேச்சைக் கேட்டுப் பம்பை விட்டுவைத்தார். நான்கே மாதம். சம்பா அறுவடை நேரம், பாபநாசம் தாண்டி, ரோட்டில் காயப்போட்ட நெல்லுக்குப் பக்கத்தில் வண்டி ஆவி கக்கிக்கொண்டு நின்றது. நெல்லைக் கிளறிக்கொண்டிருந்த ஆத்தா ஒருவர் குடத்துத் தண்ணீரைக் கொடுத்துவிட்டு, “இதுக்கு மாட்டு வண்டியே தேவலாம் தம்பி” என்றார். மிச்சம் பிடித்த பம்ப் காசைப் போல மூன்று மடங்கு அன்று செலவானது.

குடத்துத் தண்ணீர் என்றதும் நினைவுக்கு வருகிறது: போர்த் தண்ணீரையே ரேடியேட்டரில் ஊற்றி ஓட்டுகிறவர்கள் இங்கே அதிகம். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் அது உப்பு வேறு. உப்பும் காரையும் பம்ப் சீலைத் தின்றுவிடும். கூலன்ட்டை வாலைவடிநீரில் கலந்து ஊற்றுவதே சரி.

இனி உரையாளருக்குப் பிடித்த இடம். கும்பகோணத்தில் வயதான மெக்கானிக் ஒருவர். ஸ்கேனர் வைத்திருக்கிறார், ஆனால் பெல்ட் வேலையில் அதைத் தொட மாட்டார். டஸ்டர் டீசல் எஞ்சினென்றால் கேம் புல்லியை நிறுத்த 8 மில்லிமீட்டர் பின், கிராங்கை நிறுத்த இன்னொன்று. அதற்குமேல் கிராங்க் புல்லியிலும் கேம் புல்லியிலும் ஒயிட்னரால் தமக்கென்று ஒரு கோடு. பெல்ட்டைத் திருகாமல், மடக்காமல், எண்ணெய்க் கை படாமல் மாட்டி, டென்ஷனர் முள் குறிக்கு நேராக வந்ததும் பின்களை உருவிவிடுவார்.

உதவிக்கு நிற்கும் பையன் சாவியைத் தேடுவான். “சாவியத் தொடாதடா தம்பி. ரெண்டு சுத்து.”

கிராங்க் போல்ட்டில் ஸ்பேனரை மாட்டி, எஞ்சின் ஓடும் திசையிலேயே, கையால், மெதுவாக இரண்டு முழுச் சுற்று. கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றினால்தான் கேம் ஒரு சுற்றை முடித்துப் பழைய இடத்துக்கு வரும்; அதனால்தான் இரண்டு. கோடுகள் மறுபடி நேராக நிற்க வேண்டும், பின் தடையில்லாமல் உள்ளே போக வேண்டும். ஒரு பல் தள்ளி மாட்டியிருந்தால் இங்கேயே தெரிந்துவிடும். நடுவில் கெட்டியாக ஏதாவது தட்டினால் ஸ்பேனரை அப்படியே நிறுத்துவார். வால்வில் பிஸ்டன் தட்டுவதைக் கை உணரும். ஸ்டார்ட்டர் மோட்டார் உணராது, அது வளைத்துவிட்டுத்தான் நிற்கும். நேயர்கள் மறக்கக் கூடாதது இது: கையால் இரண்டு சுற்று, சாவி அப்புறம்.

பெல்ட்டின் ஆயுள் வண்டிக்கு வண்டி மாறும். கையேட்டில் கிலோமீட்டரும் இருக்கும், ஆண்டும் இருக்கும், எது முன்னால் வருகிறதோ அதுதான் கணக்கு. கும்பகோணத்துக்காரர் கவரை மூடியதும் தேதியையும் கிலோமீட்டரையும் அதே ஒயிட்னரால் அதன்மேல் எழுதிவிடுவார். பழைய பம்பை ஒரு பழைய நாளிதழில் சுற்றி வண்டிக்காரர் கையிலேயே கொடுப்பார், சுற்றிப் பார்த்துக்கொள்ளச் சொல்லி.