வீடு திரும்பிய பின்: தற்கொலைத் தடுப்பில் குறுஞ்செய்தியின் பங்கு

(நலத்துறை அலுவலர்களும் பொருளாதார மாணவர்களும் பங்கேற்ற கருத்தரங்கில் ஆற்றிய உரை)

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022ஆம் ஆண்டில் இந்தியாவில் 1,70,924 பேர் தற்கொலையால் உயிரிழந்தனர். லட்சம் மக்களுக்கு 12.4 என்பது அந்த ஆண்டின் வீதம். மாண்டவர்களைப் பற்றிய இப்புள்ளிவிவரம் மாநிலம், வயது, தொழில், காரணம் என்று பல அட்டவணைகளாக ஆண்டுதோறும் வகுத்து வெளியிடப்படுகிறது. ஆனால் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று, மருத்துவமனையில் பிழைத்து, வீடு திரும்பியவர்களைப் பற்றி நாடு தழுவிய முழுமையான கணக்கு இல்லை. அவர்களின் எண்ணிக்கை மாண்டவர்களின் எண்ணிக்கையைப் போலப் பல மடங்கு என்பது உலகெங்கும் அறியப்பட்ட உண்மை. ஒருமுறை முயன்றவர் மீண்டும் முயலக்கூடும் என்பதையும், மருத்துவமனையைவிட்டு வெளியேறிய முதல் சில வாரங்களே மிகுந்த அபாயம் உள்ளவை என்பதையும் மருத்துவ உலகம் நன்கு அறியும். ஆகவே யாரைக் காக்க வேண்டும், எப்போது காக்க வேண்டும் என்பவை தெரியாத செய்திகள் அல்ல. அவர்களை எவ்வாறு அணுகுவது என்பதே எஞ்சி நிற்கும் வினா.

மறுவருகை ஏன் நிகழ்வதில்லை?

அவசரச் சிகிச்சைப் பிரிவில் உயிர் காப்பாற்றப்படுகிறது. பின்னர் “இரண்டு வாரம் கழித்து மனநலப் பிரிவுக்கு வாருங்கள்” என்று சீட்டில் எழுதித் தரப்படுகிறது. பலர் வருவதில்லை. 2022ஆம் ஆண்டில் தற்கொலையால் இறந்தோரில் 26.4 சதவீதத்தினர் தினக்கூலிகள். இப்பிரிவினருக்கு மறுவருகை என்பது ஒரு நாள் கூலியின் இழப்பு. அதன்மேல் பேருந்துக் கட்டணமும் துணைக்கு வருபவரின் கூலியும் சேரும். மருத்துவம் இலவசமாயினும் மருத்துவமனைக்குச் செல்வது இலவசமன்று. பொருளாதாரம் பயிலும் மாணவர்கள் இதனை எளிதில் விளங்கிக்கொள்வர்.

இச்செலவோடு அச்சமும் வெட்கமும் சேர்ந்துகொள்கின்றன. போலீஸ் விசாரணைக்கும் அக்கம்பக்கத்தாரின் பேச்சுக்கும் அஞ்சி, நேர்ந்ததைத் தவறுதலாக நேர்ந்ததென்றே எழுதிக்கொடுக்கும் குடும்பங்கள் உண்டு. அதன்பின் அதைப்பற்றி வீட்டில் எவரும் பேசுவதில்லை. நோயாளி மருத்துவமனையைத் தேடி வராதபோது மருத்துவமனை அவரைத் தேடிச் செல்ல இயலுமா? இவ்வினாவுக்கு விடை காணும் முயற்சி ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது.

கடிதத்திலிருந்து கைப்பேசிக்கு

அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் ஜெரோம் மோட்டோ என்ற மனநல மருத்துவர் 1969இல் ஓர் ஆய்வைத் தொடங்கினார். மனச்சோர்வாலோ தற்கொலை எண்ணத்தாலோ மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, வெளியேறியபின் தொடர் சிகிச்சையை மறுத்த 843 பேர் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவினருக்கு ஐந்தாண்டுகளில் 24 சிறு கடிதங்கள் அனுப்பப்பட்டன. முதல் நான்கு மாதங்களுக்கு மாதம் ஒன்று. அடுத்த எட்டு மாதங்களுக்கு இரு மாதத்துக்கு ஒன்று. பின்னர் மூன்று மாதத்துக்கு ஒன்று. அக்கடிதங்களில் அறிவுரையோ, சிகிச்சைக்கு வருமாறு வற்புறுத்தலோ இல்லை. நலம் விசாரிப்பும், விரும்பினால் பதில் எழுதலாம் என்ற அழைப்பும் மட்டுமே இருந்தன. 2001இல் வெளியான முடிவுகளின்படி முதல் இரண்டு ஆண்டுகளில் கடிதம் பெற்ற குழுவில் தற்கொலை வீதம் குறிப்பிடத்தக்க அளவு குறைவாக இருந்தது. பின்னர் அவ்வேறுபாடு படிப்படியாகத் தேய்ந்து, 14ஆம் ஆண்டில் மறைந்தது.

ஆஸ்திரேலியாவின் நியூகாசில் நகரில் 772 பேரைக் கொண்டு நடந்த ஆய்வில் ஓராண்டில் எட்டு அஞ்சலட்டைகள் அனுப்பப்பட்டன. மீண்டும் முயன்றவர்களின் விகிதம் குறிப்பிடத்தக்க அளவில் மாறவில்லை. ஆயினும் மீள்முயற்சிகளின் மொத்த எண்ணிக்கை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. இம்முடிவு 2005இல் வெளியாயிற்று. பிரான்சில் 2015இல் வட பகுதியில் தொடங்கப்பட்ட விஜிலான்ஸ் என்ற திட்டம் அவசர உதவி எண் அட்டை, தொலைபேசி அழைப்பு, அஞ்சலட்டை ஆகியவற்றை ஒன்றிணைத்தது. பின்னர் அது பிற பகுதிகளுக்கும் விரிவுபடுத்தப்பட்டது.

இந்திய வாசகருக்கு மிக நெருக்கமானது உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு. சென்னை, கொழும்பு, பிரேசிலின் காம்பினாஸ், ஈரானின் கராஜ், சீனாவின் யுன்செங் ஆகிய ஐந்து இடங்களில், தற்கொலைக்கு முயன்று அவசரப் பிரிவுக்கு வந்த 1,867 பேர் இதில் இடம்பெற்றனர். ஒரு பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சை மட்டுமே அளிக்கப்பட்டது. மற்றப் பிரிவினருக்கு ஒரு மணி நேர ஆலோசனையும், பதினெட்டு மாதங்களில் ஒன்பது முறை தொலைபேசி மூலமோ நேரிலோ நலம் விசாரிப்பும் கூடுதலாக அளிக்கப்பட்டன. பதினெட்டு மாத முடிவில் வழக்கமான சிகிச்சை பெற்றோரில் 2.2 சதவீதத்தினர் தற்கொலையால் இறந்திருந்தனர். தொடர் கவனிப்பு பெற்றோரில் 0.2 சதவீதத்தினர். 2008இல் வெளியான இம்முடிவு, வசதி குறைந்த நாடுகளிலும் இம்முறை இயலும் என்பதைக் காட்டுகிறது.

குறுஞ்செய்தியைப் பொறுத்தவரை சான்று சற்றுக் கலப்பானது. அமெரிக்க ராணுவத்தினர் 658 பேருக்கு ஓராண்டில் 11 குறுஞ்செய்திகள் அனுப்பிய ஆய்வு 2019இல் வெளியாயிற்று. முதன்மையாக அளவிட்ட இனங்களில் குறிப்பிடத்தக்க பயன் தெரியவில்லை. ஆனால் அடுத்த நிலையில் அளவிட்டவற்றுள் ஒன்றாகிய தற்கொலை முயற்சி, செய்தி பெற்றோரிடம் 9 சதவீதமாகவும் பெறாதோரிடம் 15 சதவீதமாகவும் இருந்தது. ஆகவே குறுஞ்செய்தியைச் சர்வரோக நிவாரணியாகக் கருதுவது தவறு. பயனற்றதென ஒதுக்குவதும் தவறு. அது சிகிச்சைக்கு மாற்று அல்ல. சிகிச்சைக்கும் நோயாளிக்கும் இடையே அறுந்துபோகும் இழையைப் பிடித்து வைத்திருக்கும் சாதனம் என்பதே சரியான மதிப்பீடு.

செலவுக் கணக்கு

ஒரு மாவட்ட மருத்துவமனையிலிருந்து ஆண்டுக்கு 400 பேர் இவ்வகையில் வீடு திரும்புவதாகக் கொண்டால், ஒருவருக்கு ஆண்டுக்குப் பன்னிரண்டு செய்திகள் வீதம் 4,800 செய்திகள் அனுப்ப வேண்டியிருக்கும். 300 வேலை நாட்களுக்குப் பகிர்ந்தால் நாளொன்றுக்குப் பதினாறு. இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் பதில் வந்தாலும் நாளொன்றுக்கு எட்டுப் பதில்கள்தான் வரும். பல கைப்பேசிக் கட்டணத் திட்டங்களில் நாளொன்றுக்கு 100 குறுஞ்செய்திகள் அடங்கியிருப்பதால் செய்திக்கென்று தனிச் செலவு ஏறக்குறைய இல்லை. உண்மையான செலவு அந்த எட்டுப் பதில்களைப் படித்து மறுமொழி தரும் ஆலோசகரின் நேரமே. இச்செலவை மிச்சப்படுத்த முயன்றால் திட்டம் பெயரளவில் மட்டுமே நிற்கும். துயரத்தோடு எழுதியவருக்குப் பதில் கிடைக்காமற் போவதைக் காட்டிலும் செய்தியே அனுப்பாதிருப்பது மேல்.

இதில் ஒரு நடைமுறைச் சிக்கலும் உண்டு. நிறுவனங்கள் எழுத்துத் தலைப்புடன் மொத்தமாக அனுப்பும் செய்திகளுக்குப் பதில் எழுத இயலாது. மக்களும் அவற்றை விளம்பரங்களோடு சேர்த்து ஒதுக்கிவிடுகின்றனர். நாளொன்றுக்குப் பதினாறு செய்திகளுக்கு அவ்வழி தேவையுமில்லை. பத்து இலக்கச் சாதாரண எண்ணிலிருந்து, நோயாளி மருத்துவமனையில் சந்தித்த ஆலோசகரின் பெயரிலேயே அனுப்பினால் போதும்.

கைப்பேசி யார் கையில்?

2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தாமே பயன்படுத்தும் கைப்பேசி உடைய பெண்கள் 54 சதவீதத்தினர். அவர்களுள்ளும் குறுஞ்செய்தியைப் படிக்க இயன்றவர்கள் 71 சதவீதத்தினர். இரண்டையும் பெருக்கிப் பார்த்தால், பத்துப் பெண்களில் ஏறத்தாழ நால்வரையே குறுஞ்செய்தி நேரடியாக எட்டும். கணவர் அல்லது மாமியார் கையிலுள்ள கைப்பேசிக்குச் செல்லும் செய்தி, எந்தத் துயரத்திலிருந்து அப்பெண் தப்ப முயன்றாளோ அத்துயரத்தையே பெருக்கவும் கூடும்.

ஆகவே வீடு திரும்புமுன் மூன்று கேள்விகளைத் தனிமையில் கேட்டறிய வேண்டும்: செய்தி அனுப்பச் சம்மதமா? இந்த எண்ணை வேறு யார் பார்ப்பார்கள்? எந்த மொழியில் அனுப்ப வேண்டும்? படிக்க இயலாதவருக்குத் தொலைபேசி அழைப்போ, பயிற்சி பெற்ற களப்பணியாளரின் வருகையோ ஏற்பாடாக வேண்டும். செய்தியில் நிகழ்ந்த சம்பவமோ மனநலப் பிரிவின் பெயரோ இடம்பெறலாகாது. “வணக்கம். நீங்கள் வீடு சென்று ஒரு மாதம் ஆகிறது. நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். பேசவேண்டும் என்று தோன்றினால் இந்த எண்ணுக்கு எழுதுங்கள்” என்ற அளவில் இருந்தால் போதும்.

சட்டமும் அமைப்பும்

2018 மே 29 முதல் நடைமுறையிலுள்ள 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆவது பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதப்பட வேண்டும் என்கிறது. மீண்டும் முயலும் அபாயத்தைக் குறைக்கும் பொருட்டு அவருக்குக் கவனிப்பும் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிப்பது அரசின் கடமை என்றும் அது விதிக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதையில், முயற்சியைப் பொதுவாகக் குற்றமாக்கிய பழைய 309ஆவது பிரிவு இடம்பெறவில்லை. 2022 நவம்பரில் வெளியான தேசியத் தற்கொலைத் தடுப்பு உத்தி, 2030க்குள் தற்கொலை இறப்புகளை 10 சதவீதம் குறைப்பதை இலக்காகக் கொண்டுள்ளது.

இக்கடமையை நிறைவேற்றத் தேவையான அமைப்புகள் பெரும்பாலும் இருக்கவே செய்கின்றன. 1982இல் தொடங்கிய தேசிய மனநலத் திட்டத்தின் மாவட்டப் பிரிவு 700க்கும் மேற்பட்ட மாவட்டங்களுக்கு அனுமதிக்கப்பட்டுள்ளது. 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய டெலி மானஸ் சேவை 14416 என்ற கட்டணமில்லா எண்ணில் இரவும் பகலும் பல மொழிகளில் இயங்குகிறது. ஆலோசகர் பணியில் இல்லாத இரவு வேளையில் துயருறுவோர் அழைப்பதற்கு ஒவ்வொரு செய்தியிலும் இவ்வெண்ணைச் சேர்த்துவிடலாம்.

இனிச் செய்ய வேண்டியது, சில மாவட்டங்களில் சிறு அளவில் தொடங்கி, ஓராண்டு நடத்தி, பயனை அளந்து பார்ப்பதாகும். எத்தனை செய்திகள் அனுப்பப்பட்டன என்பதை மட்டும் சாதனையாகக் காட்டும் அறிக்கை இதற்கு உதவாது. எத்தனை பேர் பதில் எழுதினர், அவர்களுக்கு எவ்வளவு நேரத்தில் மறுமொழி கிடைத்தது, மீண்டும் அவசரப் பிரிவுக்கு வந்தோர் எத்தனை பேர், ஓராண்டின் முடிவில் உயிரோடு இருப்போர் எத்தனை பேர் என்னும் நான்கு எண்களும் மாவட்ட ஆட்சியரின் மேசைக்கு மாதந்தோறும் வர வேண்டும். மாண்டவர்களை எண்ணுவதில் இந்நாட்டு நிர்வாகம் நீண்ட பயிற்சி பெற்றுள்ளது. அதே கவனத்தைப் பிழைத்து வீடு திரும்பியவர்களிடமும் செலுத்துவது அதன் ஆற்றலுக்கு அப்பாற்பட்டதன்று.