மண்ணைக் கிளறுகிற உத்தியோகம்

(வாசகசாலைக் கூட்டமொன்றில் நாம் பேசியதன் சாரம்)



இன்று நாம் பேச ஒப்புக்கொண்டு வந்த விஷயம் வேறு. ஆனால் கூட்டம் ஆரம்பமாகுமுன் இவ்வூர்ப் பெரியவர் ஒருவர் நம்மைத் தனியே அழைத்து ஒரு கேள்வி கேட்டார். அவருடைய மகன் கல்லூரியில் நுண்ணுயிரியல் படிக்கிறானாம். மேலும் படித்து, மண்ணில் உள்ள கிருமிகளிலிருந்து மருந்து கண்டெடுக்கும் ஆராய்ச்சிக்குப் போக வேண்டும் என்கிறானாம். "மூன்று தலைமுறையாய் மண்ணைக் கிளறிக் கிளறித்தானய்யா இவனைப் படிக்க வைத்தோம். படித்த பிறகும் மண்ணைத்தான் கிளறுவேன் என்கிறானே, இதுவும் ஒரு உத்தியோகமா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆகவே, கொண்டுவந்த விஷயத்தை அடுத்த கூட்டத்திற்கு ஒத்திவைத்துவிட்டு, இதற்கே பதில் சொல்லிப் பார்க்கிறோம். நாம் ஐந்தாவது வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் கண்டதில்லை. பிறகு படித்ததெல்லாம் இரவல் புத்தகங்களில்தான். ஆதலால் நாம் சொல்லுவதில் பிசகு இருந்தால் இங்குள்ள படித்த பிள்ளைகள் எழுந்து திருத்தலாம். நமக்கு அதில் யாதொரு வருத்தமுமில்லை.

கோடைக்குப் பிறகு முதல் மழை விழுந்ததும் மண்ணிலிருந்து ஒரு மணம் கிளம்புகிறதல்லவா? பூமாதேவி குளிர்ந்துவிட்டாள் என்று சொல்லுகிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். அந்த மணத்திற்கு முக்கியமான காரணம் ஜியோஸ்மின் என்ற ஒரு பொருள். அதை உண்டாக்குவது பெரும்பாலும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்னும் வகையைச் சேர்ந்த கிருமிகள். வளமான மண்ணில் ஒரு சிட்டிகை எடுத்தால் அதில் கோடிக்கணக்கான கிருமிகள் இருக்கும். இடத்திற்கும் தீனிக்கும் ஒன்றோடொன்று போட்டியிடும் அவை பலவகைச் சரக்குகளை உண்டாக்குகின்றன. அவற்றில் சில நம்மைப் பீடிக்கும் கிருமிகளையும் புழுக்களையும் ஒழிக்கக்கூடியவையாய் இருக்கின்றன. காசநோய்க்கு முதல் முதல் உதவிய ஸ்ட்ரெப்டோமைசின் 1943-ல் அமெரிக்காவில் இப்படித்தான் கிடைத்தது. அதைக் கண்டெடுத்தவர் ஆல்பர்ட் ஷாட்ஸ் என்ற மாணவர். ஆனால் 1952-ல் நோபல் பரிசு வாங்கினவர் அவருடைய ஆசிரியர் வாக்ஸ்மன் மட்டுந்தான். மாணவர் தம் பங்கைக் கேட்டு அதற்கு முன்னமே கோர்ட்டுக்குப் போக வேண்டியிருந்தது. விஞ்ஞானிகளும் மனிதர்கள்தானே!

பெரியவருக்கு நாம் சொல்ல விரும்புவது வேறொருவர் கதை. ஜப்பான் தேசத்தில் யாமனாஷி என்னும் பகுதியில் 1935-ல் ஒரு குடியானவர் வீட்டில் மூத்த ஆண்பிள்ளையாய்ப் பிறந்தவர் சட்டோஷி ஓமுரா. சிறு வயதில் வயல் வேலை செய்தவர். 1958-ல் பட்டம் பெற்று, டோக்கியோ நகரத்தில் ஒரு தொழிற்பள்ளியின் இராப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராய் அமர்ந்தார். அங்கு வந்த பிள்ளைகள் பகலெல்லாம் தொழிற்சாலைகளில் பாடுபட்டுவிட்டு, பரீட்சைக்குக்கூடக் கையில் எண்ணெய்ப் பிசுக்கோடு ஓடி வந்து உட்காருகிறவர்கள். அதைப் பார்த்ததும், இவர்கள் இந்தக் கையோடு படிக்கிறார்கள், நாம் என்ன படித்துவிட்டோம் என்று அவருக்கே வெட்கம் வந்ததாம். அதன் பிறகு வாத்தியார் வேலையை விடாமலேயே ரசாயனம் படித்து 1963-ல் மேல் பட்டம் வாங்கினார். இரண்டு வருஷம் திராட்சைரசம் புளிக்கிற சாஸ்திரத்தில் வேலை பார்த்துவிட்டு, 1965-ல் கிட்டசாட்டோ ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார்.

அவருடைய வேலை என்னவென்று கேட்டால், பெரியவர் சொன்னதேதான். எங்கே போனாலும் சட்டைப்பையில் ஒரு சிறு பிளாஸ்டிக் பை இருக்கும். மண்ணைக் கண்டால் ஒரு கரண்டி அள்ளிக்கொள்ளுவார். அந்த மண்ணைத் தண்ணீரில் கரைத்துத் தட்டில் பரப்பி, முளைக்கிற கிருமிகளைத் தனித்தனியாய்ப் பிரித்து, இட்லிமாவு புளிப்பதுபோல் ஒவ்வொன்றையும் ஒரு குப்பியில் தீனி போட்டுப் புளிக்கவைத்து, அந்தச் சாற்றில் என்ன இருக்கிறது என்று சோதிக்க வேண்டும். பெரும்பாலும் ஒன்றுமே இராது. இருந்தாலும் முன்னமே யாரோ கண்டதாய் இருக்கும். அடுத்த குப்பி, அதற்கடுத்த குப்பி, இப்படி வருஷத்திற்கு ஆயிரக்கணக்கில்! நேர்ந்துகொண்டால் ஒரே இரவில் பலிக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிற நமக்கு இது பைத்தியக்கார வேலையாகத்தான் தோன்றும்.

1973-ல் அமெரிக்காவில் உள்ள மெர்க் என்ற மருந்துக் கம்பெனியோடு அவர் ஒரு ஒப்பந்தம் செய்துகொண்டார். ஜப்பானில் கிருமியைப் பிரிப்பது, அமெரிக்காவில் பிராணிகளிடம் சோதிப்பது என்பது ஏற்பாடு. ஏறத்தாழ 50 கிருமிகளைப் பொறுக்கி அனுப்பினார். அவற்றில் ஒன்று இட்டோ நகரத்தை அடுத்த கவானாவில், ஒரு கோல்ஃப் மைதானத்தின் பக்கத்தில் எடுத்த மண்ணிலிருந்து வந்தது. அயர்லாந்தில் பிறந்த வில்லியம் கேம்பல் என்பவர் மெர்க்கில் சோதனையை நடத்தினார். எலிக்குக் குடற்புழுவை ஏற்றி, கிருமிச் சாற்றை அதன் தீனியில் கலந்து சில நாள் கொடுத்து, பிறகு குடலை அறுத்துப் புழு மிச்சமிருக்கிறதா என்று பார்ப்பார்கள். கோல்ஃப் மைதானத்து மண் கொடுத்த சாற்றைத் தின்ற எலியிடம் புழு ஒழிந்திருந்தது. அந்தச் சரக்குக்கு அவெர்மெக்டின் என்று பெயரிட்டு 1979-ல் வெளியிட்டார்கள். அதையே சற்றுத் திருத்திச் செய்தது ஐவர்மெக்டின். புழுவின் நரம்பிலும் தசையிலும் உள்ள ஒரு வாயிலில் போய் இது உட்கார்ந்துகொள்ளுகிறது. புழு முடங்கிப் போகிறது. அப்படிப்பட்ட வாயில் மனிதனுக்குக் கிடையாது. சரியான அளவில் உட்கொண்டால் புழுவுக்குக் கேடும் நமக்கு நலமுமாய் இருப்பதற்குக் காரணம் இதுவே.

1981 முதல் ஆடு மாடுகளுக்கு இது விற்பனைக்கு வந்து கம்பெனிக்குப் பணம் குவிந்தது. ஆனால் இதனால் பிழைக்க வேண்டிய மனிதர்களிடம் காசு இல்லை. ஆப்பிரிக்காவில் வேகமாய் ஓடும் ஆறுகளை ஒட்டி ஒருவகைக் கறுப்பு ஈ உண்டு. அது கடித்தால் புழு உடம்பில் ஏறும். அதன் குஞ்சுகள் தோலெங்கும் ஊர்ந்து தாங்கமுடியாத அரிப்பைக் கொடுக்கும். கண்ணில் புகுந்தால் பார்வை போகும். நல்ல விளைச்சல் நிலத்தை விட்டுவிட்டு ஊர் ஊராய் ஜனங்கள் ஓடியிருக்கிறார்கள். கண் தெரியாத பெரியவர் ஒரு கம்பின் ஒரு முனையையும் சிறு பையன் மறு முனையையும் பிடித்துக்கொண்டு நடக்கிற படத்தைத் தோழர்கள் பார்த்திருக்கலாம். வருஷத்திற்கு ஒரு வேளை மாத்திரை போதும். ஆனால் அது குஞ்சுகளைத்தான் ஒழிக்கும். தாய்ப்புழு பத்து வருஷத்திற்கு மேலும் இருக்கும். ஆதலால் அத்தனை வருஷமும் விடாமல் கொடுக்க வேண்டும். வேண்டிய மட்டும், வேண்டிய காலம் வரை இலவசமாய்த் தருவதாக 1987-ல் மெர்க் கம்பெனி அறிவித்தது. மாட்டு மருந்தில் சம்பாதித்தவர்களுக்கு இது பெரிய தியாகமா என்று கேட்கலாம், நாமும் கேட்கிறோம். ஆனால் கொடுத்தார்கள், இது பிரத்தியட்சம். கொலம்பியா 2013-லும், ஈக்வடார் 2014-லும், மெக்சிகோ 2015-லும் இந்நோயிலிருந்து விடுபட்டன. ஆப்பிரிக்காவில் முதல் நாடாக 2025 ஜனவரியில் நைஜர் விடுபட்டது. யானைக்காலுக்கும் இதை வேறு இரண்டு மருந்துகளோடு சேர்த்து 2018 முதல் இந்தியாவில் சில மாவட்டங்களில் கொடுக்கிறார்கள்.

ஓமுரா தமக்கு வந்த பங்குப் பணத்தைக் கொண்டு ஆராய்ச்சி நிலையத்தை நிமிர்த்தினார்; கிட்டமோட்டோ என்ற ஊரில் 1989-ல் ஒரு ஆஸ்பத்திரியும் எழுந்தது. 2015-ல் அவருக்கும் கேம்பலுக்கும் நோபல் பரிசில் பாதி கிடைத்தது. மறு பாதி மலேரியா மருந்து கண்ட சீனத்து அம்மையார் டூ யூயூவுக்கு.

இனி, நமக்கே வெட்கமான ஒரு சங்கதியைச் சொல்ல வேண்டும். 2021-ல் கொரோனா வியாதி தலைவிரித்தாடியபோது, இதே ஐவர்மெக்டின் அதற்கும் கைகண்ட மருந்து என்று உலகமெங்கும் ஒரு புரளி கிளம்பிற்று. ஆய்வுச்சாலைத் தட்டில் கிருமி அடங்கினது உண்மை. ஆனால் அது மனிதன் விழுங்கத் தகாத அளவில். அந்த மே மாதத்தில் கோவா சர்க்கார் பதினெட்டு வயதான எல்லோருக்கும் இதைக் கொடுப்பதாகச் சொல்லிற்று. உலக சுகாதார நிறுவனத்தில் தலைமை விஞ்ஞானியாய் இருந்த நமது சென்னை சௌமியா சுவாமிநாதன் அம்மையார், ருசு இல்லை, சோதனைக்கு வெளியே கொடுக்காதீர்கள் என்று எச்சரித்தார். அவருக்கு ஏச்சும் வக்கீல் நோட்டீசுந்தான் மிஞ்சியது. மெர்க் கம்பெனியே, இதற்கு ஆதாரமில்லை என்று அந்தப் பிப்ரவரியிலேயே சொல்லியிருந்தது. இருபது வருஷமாய் மேடையேறித் தாயத்தையும் மந்திரித்த தண்ணீரையும் கேலி செய்து வந்த நாம் என்ன செய்தோம் தெரியுமா? ஒரு மருந்துக்கடைக்காரர் நீட்டியதை, என்ன ருசு என்று ஒரு வார்த்தை கேட்காமல் வாங்கி, வீட்டார்க்கும் கொடுத்து நாமும் விழுங்கினோம். பயம் வந்தால் மாத்திரையும் தாயத்தாகிவிடுகிறது. தாயத்தைக் கையில் கட்டுகிறார்கள், நாம் தண்ணீரோடு விழுங்கினோம், அவ்வளவுதான் வித்தியாசம். அந்தச் செப்டம்பரில் நம் தேசத்துச் சிகிச்சைக் குறிப்பிலிருந்தும் அதை எடுத்துவிட்டார்கள்.

இதில் இன்னும் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கண்டுபிடித்த ஓமுராவுக்கே அது கொரோனாவுக்கு உதவும் என்ற நம்பிக்கை இருந்தது. அதை எழுதியும் வந்தார். நோபல் பரிசு வாங்கினவர் சொல்லுகிறாரே என்று சோதனையை நிறுத்திவிட்டார்களா? இல்லை. ஜப்பானிலேயே கோவா என்ற கம்பெனி (இது வேறு கோவா) நோயாளிகளில் ஒரு பாதிக்கு மருந்தும் மறு பாதிக்கு வெறும் மாத்திரையும் கொடுத்துப் பார்த்துவிட்டு, வித்தியாசம் தெரியவில்லை என்று 2022-ல் வெளியிட்டது. பிரேசிலில் நடந்த பெரிய சோதனையும் அவ்வருஷமே அப்படியே சொல்லிற்று. எலியின் குடலை அறுத்துப் பார்த்த அதே முறைதான் இங்கேயும் தீர்ப்புச் சொன்னது. அன்று அவருக்கு அனுகூலமாய்ச் சொன்னது, இன்று பிரதிகூலமாய்ச் சொன்னது. இதனால் ஓமுராவின் பெருமைக்கு ஒரு குறைவுமில்லை. ஆற்றங்கரை ஜனங்களின் கண்ணை அவர் சொல் காப்பாற்றவில்லை, அவர் மருந்தல்லவா காப்பாற்றிற்று!

சரி, பெரியவரே, உங்கள் பையன் விஷயத்துக்கு வருவோம். சம்பளம் கொட்டும் என்று நாம் பொய் சொல்ல மாட்டோம். இலாபம் போதவில்லை என்று பெரிய கம்பெனிகள் பல 1990-க்குப் பிறகு இந்த மண் ஆராய்ச்சியை மூடிவிட்டன. இருந்த மருந்துகளுக்குக் கிருமிகள் அடங்க மறுப்பதைக் கண்டு இப்போது கையைப் பிசைகிறார்கள். நம் தேசத்தில் பூனாவை அடுத்த பிம்ப்ரியில் சர்க்கார் 1954-ல் தொடங்கிய தொழிற்சாலையிலும் இந்த வேலை நடந்து, மண் கிருமியிலிருந்து ஹாமைசின் என்னும் பூஞ்சைக்காளான் மருந்து கிடைத்தது. அந்தக் கிருமிக்கு ஊர்ப் பெயரையே வைத்தார்கள். ஓமுராவின் கிருமியினுடைய மரபுப் பொருளை 2003-ல் முழுதும் படித்துப் பார்த்ததில், குறைந்தது 30 வகைச் சரக்குகளைச் செய்ய அதில் ஏற்பாடு இருப்பதாகத் தெரிந்தது. உலகம் அறிந்து உபயோகித்தது முக்கியமாய் ஒன்றைத்தான். மிச்சத்தைப் பார்க்க ஆள் வேண்டும். பையன் முதலில் சில வருஷம் குப்பி கழுவ வேண்டியிருக்கும். பத்தில் ஒன்பது நாள் வெறுங்கையோடு வீட்டுக்கு வருவான். வருகிறபோது ஏன் இன்னும் ஒன்றும் கிடைக்கவில்லை என்று கேட்காமலிருப்பீர்களானால், நீங்களும் அந்த உத்தியோகத்தில் பாதியைப் பார்த்ததாகும்.

பையனும் கூட்டத்தில்தான் இருக்கிறான் என்று இப்போது சொல்லுகிறார்கள். தம்பி, இவ்வூர் ஏரிக்கரை மண்ணை எடுத்துத் தட்டில் பரப்பிப் பார்த்தாயா? இல்லையென்றால் நாளைக் காலையில் பையோடு வா, நாமும் வருகிறோம்.