தண்ணீர்ப் பந்தலும் நெடுந்தூர ஓட்டமும்

(வானொலி மறையுரை)



அதிகாலை ஐந்து மணிக்குக் கிருஷ்ணன்கோவில் சாலையில் நாம் யாரைப் பார்க்கிறோம்? பால் கேனோடு போகிறவர்களைப் பார்க்கிறோம். முதல் பேருந்துக்குக் காத்திருக்கும் மில் தொழிலாளர்களைப் பார்க்கிறோம். அவர்களோடு, காலில் ஷூ மாட்டிக்கொண்டு ஓடுகிறவர்களையும் இப்போதெல்லாம் பார்க்கிறோம். கல்லூரி மாணவர்கள் ஓடுகிறார்கள். காவல்துறைத் தேர்வுக்கும் ராணுவத் தேர்வுக்கும் தயாராகும் பிள்ளைகள் ஓடுகிறார்கள். சர்க்கரை நோய்க்காக மருத்துவர் நடக்கச் சொல்ல, நடையை மெல்ல மெல்ல ஓட்டமாக மாற்றிக்கொண்ட ஐம்பது வயதுக்காரர்களும் ஓடுகிறார்கள். மேற்கே மலை இருட்டிலிருந்து ஒவ்வொரு முகடாக வெளியே வருகிறது. இங்கே தொடங்கி, தென்னந்தோப்புகளையும் கண்மாய்க் கரைகளையும் தாண்டி, ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரத்தைக் கடந்து, ராஜபாளையம் போய்ச் சேர்ந்தால் ஏறத்தாழ அரை மாரத்தான் தூரம். திரும்பியும் ஓடி வந்தால் ஏறத்தாழ முழு மாரத்தான். அதன் சரியான கணக்கு 42 கிலோமீட்டர் 195 மீட்டர்.

பெரிய நகரங்களின் விளையாட்டு என்று நாம் நினைத்திருந்த மாரத்தான் இன்று சிற்றூர்களுக்கும் மலைப்பாதைகளுக்கும் வந்துவிட்டது. நம் மாநிலத்திலேயே புதுச்சேரிக்கு அருகே ஆரோவில்லில் 2008 முதல் மாரத்தான் நடந்து வருகிறது. 1968-ல் ஆரோவில் தொடங்கியபோது அந்த மேடு மழையில் கரைந்துகொண்டிருந்த வெறும் செம்மண் பூமி. அங்கே வந்தவர்கள் மரம் நட்டார்கள். இன்று அந்த மரங்களின் நிழலில், செம்மண் பாதையில் மக்கள் ஓடுகிறார்கள். முந்தி வந்தவருக்குப் பரிசு என்பது அங்கே கிடையாது. ஓடுவதன் மகிழ்ச்சிதான் பரிசு.

அப்படிப்பட்ட ஓட்டம் எங்கே நடந்தாலும் அங்கே இரண்டு வகை மனிதர்களை நாம் காணலாம். ஒரு வகையினர் ஓடுகிறார்கள். மற்றொரு வகையினர் பாதையோரத்தில் மேசை போட்டு, தண்ணீரும் வாழைப்பழமும் ஆரஞ்சுச் சுளையும் உப்பும் வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். ஓடுகிறவரின் பெயர் அவர்களுக்குத் தெரியாது. ஆனால் அவர் வருவார் என்று தெரியும். வரும்போது தாகத்தோடு வருவார் என்றும் தெரியும்.

இது நமக்குப் புதிதல்ல. சித்திரை வெயிலில் தண்ணீர்ப் பந்தல் போடுகிற ஊர்க்காரர்கள் நாம். வேளாங்கண்ணிக்கு நடந்து போகும் திருப்பயணிகளுக்கு வழிநெடுக மோரும் சோறும் கொடுக்கிறவர்கள் உண்டு. வத்திராயிருப்பு வழியாகச் சதுரகிரி மலை ஏறப் போகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கிறவர்களும் உண்டு. மதம் எதுவானாலும், நெடுவழி போகிறவருக்குத் தண்ணீர் கொடுப்பது புண்ணியம் என்று நம் மண்ணுக்குத் தெரியும்.

ஆனால் அந்தத் தண்ணீர் மேசைக்கு ஓர் எழுதாத எல்லை உண்டு. அங்கே நிற்பவர் தண்ணீர் கொடுக்கலாம், காயத்துக்குக் கட்டுப்போடலாம், பெயர் சொல்லி உற்சாகப்படுத்தலாம். அவருக்காக ஒரு மீட்டர்கூட ஓடிக் கொடுக்க முடியாது. இன்று நாம் சிந்திக்க வேண்டியது இந்த எல்லையைப் பற்றித்தான்.

திருத்தூதர் பவுல் ஓட்டத்தை நன்கு அறிந்தவர். அவர் பணியாற்றிய கொரிந்து நகருக்குப் பக்கத்தில் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பெரும் விளையாட்டு விழா நடந்தது. கலாத்தியருக்கு எழுதிய திருமுகத்திலும், நன்றாக ஓடிக்கொண்டிருந்த மக்கள் நடுவழியில் தடைபட்டு நின்றதை எண்ணி வருந்துகிறார். அதே திருமுகத்தின் 6ஆம் அதிகாரத்தில் இரண்டு அறிவுரைகளைத் தருகிறார். 2ஆம் வசனத்தில், ஒருவர் சுமையை மற்றவர் தாங்கச் சொல்கிறார். மூன்றே வசனங்கள் தள்ளி, 5ஆம் வசனத்தில், அவரவர் சுமையை அவரவரே சுமந்தாக வேண்டும் என்கிறார். என்ன இது, ஒரே மூச்சில் முன்னுக்குப் பின் முரணாகப் பேசுகிறாரே என்று நமக்குத் தோன்றலாம்.

முரண் இல்லை. மூலமொழியான கிரேக்கத்தில் அவர் இரண்டு வெவ்வேறு சொற்களைப் பயன்படுத்துகிறார். முதலாவது ‘பாரோஸ்’: ஒரு மனிதரை நசுக்கிவிடும் பளு. இரண்டாவது ‘ஃபோர்த்தியோன்’: ஒருவர் தமக்குரியதாகத் தூக்கிச் செல்லும் மூட்டை. நசுக்கும் பளுவைப் பகிர்ந்துகொள்ளுங்கள். ஆனால் ஒருவருடைய மூட்டையைப் பறித்துக்கொள்ளாதீர்கள் என்கிறார் பவுல். எது பளு, எது மூட்டை என்று பிரித்தறிவதுதான் அன்பின் ஞானம்.

மாரத்தான் வரலாற்றில் இதை விளக்கும் இரண்டு நிகழ்ச்சிகள் உண்டு.

1908-ல் லண்டன் ஒலிம்பிக். இத்தாலியைச் சேர்ந்த தோராந்தோ பியெத்ரி முதல் ஆளாக அரங்கத்துக்குள் வந்தார். நம் பால்கோவாக் கடைகளில் வேலை பார்க்கும் பையன்களைப் போல, அவரும் ஓர் இனிப்புக் கடையில் வேலை பார்த்தவர். வெயிலும் களைப்பும் சேர்ந்து அவருக்குத் தலை சுற்றியது. முதலில் தவறான திசையில் திரும்பினார். விழுந்தார், எழுந்தார், மறுபடியும் மறுபடியும் விழுந்தார். பார்க்கச் சகிக்காமல் அதிகாரிகள் ஓடிவந்து தூக்கிவிட்டு, எல்லைக்கோட்டைக் கடக்க வைத்தார்கள். நல்ல மனத்தோடுதான் செய்தார்கள். ஆனால் பிறர் உதவியோடு கடந்தார் என்பதால் அவருடைய வெற்றி செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. தங்கப் பதக்கம் அமெரிக்காவின் ஜானி ஹேய்ஸுக்குப் போனது. அரசி அலெக்சாந்திரா இரக்கப்பட்டு மறுநாள் அவருக்கு ஒரு வெள்ளிக் கோப்பையைக் கொடுத்தார். ஓடிய மனிதருக்குக் கோப்பை கிடைத்தது. ஓட்டம் மட்டும் அவர் கையைவிட்டுப் போய்விட்டது.

1968-ல் மெக்சிகோ ஒலிம்பிக். தான்சானியாவைச் சேர்ந்த ஜான் ஸ்டீபன் அக்வாரி ஓட்டத்தின் நடுவே கீழே விழுந்தார். முழங்காலில் பலத்த அடி. மருத்துவ உதவியாளர்கள் கட்டுப்போட்டார்கள். நம் ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் சத்திரப்பட்டியில் நெய்கிறார்களே பேண்டேஜ் துணி, அப்படி ஒரு துணிதான் அவர் காலில் இருந்தது. கட்டுப்போட்ட கைகள் அவரைத் தூக்கிக்கொண்டு போகவில்லை. நொண்டியபடி அவரே ஓடினார், அவரே நடந்தார். முதலில் வந்தவர் ஓடி முடித்து ஒரு மணி நேரத்துக்கும் மேலான பிறகு, கடைசி ஆளாக அரங்கத்துக்குள் வந்தார். 75 பேர் தொடங்கிய அந்த ஓட்டத்தை முடித்தவர்கள் 57 பேர். அந்த 57ஆவது ஆள் அக்வாரி. அன்று முதலில் வந்தவரின் பெயரை உலகம் ஏறக்குறைய மறந்துவிட்டது. அக்வாரியை மறக்கவில்லை.

இரண்டு பேரும் விழுந்தார்கள், இரண்டு பேருக்கும் பிறர் உதவினார்கள். ஒருவருக்குக் கிடைத்த உதவி அவருடைய ஓட்டத்தை எடுத்துக்கொண்டது. மற்றவருக்குக் கிடைத்த உதவி அவருடைய ஓட்டத்தை அவருக்கே திருப்பிக் கொடுத்தது.

அன்பானவர்களே, தண்ணீரே ஆனாலும் அளவு மீறினால் ஆபத்து. 2002-ல் பாஸ்டன் மாரத்தானில் ஓடியவர்களில் 488 பேருடைய இரத்தத்தை மருத்துவர்கள் பரிசோதித்தார்கள். 13 விழுக்காட்டினருக்கு இரத்தத்தில் உப்பின் அளவு குறைந்திருந்தது. அதற்கு முக்கியக் காரணம், தேவைக்கு மேல் குடித்த தண்ணீர். உப்பு மிகவும் குறைந்தால் உயிருக்கே ஆபத்து. தாகம் தீர்ப்பதுதான் தண்ணீரின் வேலை; ஓடுகிறவரை மூழ்கடிப்பது அல்ல.

இதை நம் வீடுகளுக்குக் கொண்டு வருவோம்.

நம் பகுதியில் கல்லூரிகள் பெருகிவிட்டன. வயலை அடகு வைத்தும், நகையை வங்கியில் வைத்தும் பிள்ளைகளைப் படிக்க வைக்கிறோம். அந்தத் தியாகம் பெரிது. அது பளுவைத் தாங்குகிற அன்பு. ஆனால் அதோடு நிற்கிறோமா? எந்தப் பாடத்தைப் படிக்க வேண்டும் என்பதை நாமே முடிவு செய்கிறோம். பிள்ளை ஒரு தாளில் தோற்றால் வீட்டில் துக்கம் விழுந்ததுபோல் நடந்துகொள்கிறோம். பக்கத்து வீட்டுப் பையனின் மதிப்பெண்ணைச் சாப்பாட்டுத் தட்டோடு பரிமாறுகிறோம். வளர்ந்த மகன் குடித்து வைத்த கடனை மூன்றாவது முறையும் சத்தமில்லாமல் அடைக்கிறோம். அவனுடைய மூட்டையை நாம் தூக்கத் தூக்க, அவனுடைய தோள் பலவீனமாகிறது. மனம் உடைந்து, உயிரையே விடத் துணியும் இளையோரைப் பற்றி நாளிதழில் வாசிக்கும்போது நெஞ்சு பதைக்கிறோம். அவர்களுக்குத் தேவைப்பட்டது இன்னொருவர் வகுத்துக் கொடுத்த வேகம் அல்ல. “நீ மெதுவாக வந்தாலும் பரவாயில்லை, நான் இங்கேதான் நிற்பேன்” என்று சொல்லும் ஒருவர். பிள்ளையின் ஓட்டத்தைப் பிள்ளையிடமே விட்டுவிட்டு, தண்ணீரோடு வழியில் நிற்கும் பெற்றோராக இருப்போம்.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. அவரவர் சுமை அவரவருக்கு என்று சொல்லி, நசுங்கிக்கொண்டிருப்பவரை விட்டு விலகிப் போவதும் தவறுதான்.

மாரத்தான் ஓடுகிறவர்கள் ஏறக்குறைய 30ஆவது கிலோமீட்டரில் ஒரு சுவரில் மோதியதுபோல் உணர்வதாகச் சொல்வார்கள். உடல் சேர்த்து வைத்திருந்த சர்க்கரை அந்தத் தூரத்தில் ஏறக்குறையத் தீர்ந்துவிடுகிறது. கால்கள் ஈயமாகின்றன. ஆனால் வேடிக்கை பார்க்கும் கூட்டம் எங்கே இருக்கிறது? தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும்தான். சுவர் நிற்கும் இடத்தில் பெரும்பாலும் ஆளே இருப்பதில்லை.

நம் பங்கிலும் இதுதான் நடக்கிறது. ஒருவர் பக்கவாதத்தில் விழுந்தால் முதல் வாரம் வீடு நிறைய ஆட்கள். ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆப்பிளும் மேசையில் இடமில்லாமல் குவிகின்றன. ஆறாவது மாதம்? மூன்றாவது ஆண்டு? அவருடைய மனைவி இரவில் நாலு முறை எழுந்து அவரைப் புரட்டிப் படுக்க வைக்கிறார். திருப்பலிக்கு வந்தே பல மாதங்கள் ஆகின்றன. அவர் யாரிடமும் புகார் சொல்வதில்லை, அதனால் நாம் யாரும் கேட்பதுமில்லை. மனவளர்ச்சி குன்றிய பிள்ளையை வளர்க்கும் தாய், மறதி நோய் வந்த அப்பாவைப் பார்த்துக்கொள்ளும் மகள், கணவரை இழந்து தனியாக மூன்று பிள்ளைகளைக் கரைசேர்க்கும் பெண்: இவர்களெல்லாம் இன்று 30ஆவது கிலோமீட்டரில் இருக்கிறார்கள். அவர்களுடைய ஓட்டத்தை நாம் ஓட முடியாது. ஆனால் ஒரு சனிக்கிழமை மாலை போய், “நீங்கள் இரண்டு மணி நேரம் தூங்குங்கள் அக்கா, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்” என்று சொல்ல முடியும். ஞாயிறு காலை நோயாளியின் அருகே ஒருவர் இருந்து, அந்தத் தாயைத் திருப்பலிக்கு அனுப்ப முடியும். அதுதான் தண்ணீர் மேசை.

தவக்காலத்தில் நாம் சிலுவைப்பாதை செய்கிறோம். ஐந்தாம் நிலையில் சிரேன் ஊர் சீமோன் ஆண்டவருக்குச் சிலுவை சுமக்க உதவுகிறார். ஆறாம் நிலையில் வெரோனிக்கா அவருடைய முகத்தைத் துடைக்கிறார். சீமோன் சிலுவையில் அறையப்படவில்லை. அது ஆண்டவர் மட்டுமே ஓடி முடிக்க வேண்டிய ஓட்டம். வெரோனிக்கா கொடுத்தது ஒரு துணி மட்டுமே. ஆனால் அந்த இரண்டு நிலைகளும் இல்லாத சிலுவைப்பாதையை நம்மால் நினைத்துப் பார்க்க முடியுமா? இறைமகனே வழியில் பிறருடைய உதவியை ஏற்றுக்கொண்டார் என்றால், உதவி கேட்க நாம் ஏன் கூச வேண்டும்? “என்னால் முடியவில்லை, கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள்” என்று கேட்பதில் அவமானம் ஒன்றுமில்லை.

எனவே இந்த வாரம் நம் அன்பியக் கூட்டங்களில் இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொள்வோம். யாருடைய மூட்டையை நாம் தேவையில்லாமல் தூக்கிக்கொண்டிருக்கிறோம்? அதை மெதுவாக, அன்போடு அவரிடமே கொடுத்துவிடுவோம். நம் தெருவில் யார் பளுவின் கீழ் தனியாக நசுங்குகிறார்? அவர் பெயரை எழுதிக்கொண்டு, யார் எந்த நாளில் போவது என்றும் அப்போதே முடிவு செய்வோம். நாள் குறிக்காத அன்பு பெரும்பாலும் பேச்சோடு நின்றுவிடுகிறது.

இன்னும் ஒன்று. முன்னால் வந்தவர்கள் போய்விட்டார்கள் என்று மேசையைச் சீக்கிரம் மடக்கிவிடாதிருப்போம். மெதுவாக வருகிறவருக்குத்தான் தாகம் அதிகம். அவர்தான் வெயிலில் அதிக நேரம் இருக்கிறார். கடைசி ஆள் கடந்து போகும்வரை பந்தலில் தண்ணீர் இருக்கட்டும்.

செபிப்போம். எங்கள் வழியாகிய ஆண்டவரே, எங்கள் ஓட்டத்தைப் பொறுமையோடு ஓடவும், பிறருடைய ஓட்டத்தை மதிக்கவும் எங்களுக்குக் கற்றுத்தாரும். தளர்ந்தவர் வரும் வழியில் தண்ணீரோடு காத்திருக்கும் மனத்தை எங்களுக்குத் தாரும். ஆமென்.