கடல் கடந்த ஐரிஷ் முன்னோரைத் தேடுதல்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பத்தொன்பதாம் நூற்றாண்டில் அயர்லாந்து நாட்டினின்றும் கடல் கடந்து சென்றாருடைய வழித்தோன்றல்கள், தம் முன்னோரை எங்ஙனம் தேடிக் காண்கின்றனர் என்பதே இன்று யாம் பேச எடுத்துக்கொண்ட பொருள். அந்நாட்டிற்கும் நமக்கும் யாது தொடர்பு என்று சிலர் வினவுதல் கூடும். இவ்வவையில் உள்ளாரை நோக்கி, "நும் பாட்டனாருடைய பாட்டனார் பெயர் யாது?" என்று கேட்பின் எத்துணைப் பேர் விடை கூறுவர்? யாமும் வாய்மூடியே நிற்போம். நம்மைப் போலவே மூன்று தலைமுறைக்கு அப்பால் ஒன்றும் அறியாதிருந்த ஒரு மக்கட்கூட்டத்தார் முயன்று அறிந்த முறை, நமக்கும் பயன்படுவதேயாம்.

முதற்கண் அவர் நாடு நீங்கிய காரணத்தைக் கூறுவாம். ஐரிஷ் ஏழைக்குடிகட்கு உருளைக்கிழங்கே உயிருணவு. 1845-ஆம் ஆண்டில் ஒருவகை அழுகல் நோய் அப்பயிரைப் பற்றியது. அடுத்த ஆண்டின் விளைவு ஏறக்குறைய முற்றும் அழிந்தது. 1852 வரை நீடித்த அப்பெரும் பஞ்சத்தில் சுமார் பத்து லட்சம் பேர் பசியாலும் காய்ச்சலாலும் மாண்டனர். பத்து லட்சத்திற்கு மேற்பட்டோர் கப்பலேறினர். 1841-இல் 81 லட்சத்திற்கு மேற்பட்டிருந்த குடித்தொகை 1851-இல் 65 லட்சத்தளவாகக் குறைந்தது. மக்கள் பசியால் வாடிய அந்நாளிலும் தானியமும் கால்நடையும் இங்கிலாந்திற்கு ஏற்றுமதியாயின. குத்தகை செலுத்த இயலாதாரை நிலக்கிழார் பலர் குடிசையை இடித்து வெளியேற்றினர். கப்பலேறியவரும் உய்ந்தாரல்லர், கனடாவில் செயின்ட் லாரன்ஸ் ஆற்றிலுள்ள குரோஸ் ஈல் என்னுந் தீவில் 1847-ஆம் ஆண்டில் ஐயாயிரவர்க்கு மேற்பட்டோர் புதைக்கப்பட்டனர். ஏழையர் விடுதிகளில் இருந்த அனாதைப் பெண்கள் நாலாயிரவர்க்கு மேற்பட்டோர் 1848 முதல் 1850 வரை ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பப்பட்டனர்.

நிற்க. இவர்தம் பேரப்பிள்ளைகள் முன்னோரைத் தேடப் புகுந்தபொழுது எதிர்ப்பட்ட இடர் பெரிது. 1922-ஆம் ஆண்டு ஜூன் 30-ஆம் நாள், உள்நாட்டுப் போரின்கண், டப்ளின் நகரத்துப் பொது ஆவணக்களரி எரிந்து சாம்பராயிற்று. 1821 முதல் 1851 வரை பத்தாண்டிற்கு ஒருமுறை எடுத்த நான்கு குடிக்கணக்குகளுள் சிற்சில பகுதிகளே எஞ்சின. 1861, 1871 ஆண்டுகளின் ஏடுகளை அரசாங்கத்தாரே முன்னர் அழித்துவிட்டனர். 1881, 1891 ஆண்டுகளின் ஏடுகள் முதல் உலகப்போர்க் காலத்தில் காகிதக் கூழாயின. முழுமையாய் எஞ்சிய குடிக்கணக்குகளுள் மூத்தது 1901-ஆம் ஆண்டினதே. அதற்கு முன்னரே கடல் கடந்தாரை அதன்கண் காண்பது யாங்ஙனம்?

எனினும் தேடுவார் மனந்தளர்ந்திலர். நிலத்தின்மேல் வரி விதித்தற்பொருட்டு ரிச்சர்டு கிரிஃபித் என்பார் 1847 முதல் 1864 வரை வெளியிட்ட மதிப்பீட்டேடு எஞ்சியிருந்தது. எந்நிலத்தை எவர் உழுதார், எவர்க்குக் குத்தகை கொடுத்தார் என்பதனை அது குறிக்கின்றது. ஏழைக்கு வரலாறு எழுதுவார் இல்லை. ஆயின் அவன்பால் வரி தண்டுவார் அவன் பெயரை எழுதியே தீர்வர்! கத்தோலிக்கப் பங்குக் குருமார் எழுதிவைத்த ஞானஸ்நான, விவாகப் பதிவேடுகளும் உள. அவற்றின் படங்களை அந்நாட்டுத் தேசிய நூலகத்தார் 2015-இல் இணையத்தின் வாயிலாக யாவரும் இலவசமாய்க் காணுமாறு வெளியிட்டனர்.

ஆனால் இவற்றைப் பயன்கொள்ளுதற்கு ஊர் தெரிதல் வேண்டும். 'டவுன்லாந்து' எனப்படும் சிறு நிலப்பகுதிகள் அந்நாட்டில் அறுபதாயிரத்திற்கு மேற்பட்டன. ஆதலின், தேட்டம் அயர்லாந்தில் தொடங்குதல் தகாது. குடியேறிய நாட்டிலேயே தொடங்குதல் வேண்டும் என்பர் வல்லோர். கல்லறை எழுத்து, மரணப் பத்திரம், பழங்கடிதம், படத்தின் பின்புறத்துக் குறிப்பு ஆகியவற்றுள் யாதானும் ஒன்றில் ஊர்ப்பெயர் ஒளிந்திருக்கும். நியூயார்க்கில் 1850-இல் தோன்றிய எமிகிரண்ட் சேமிப்பு வங்கியார், பணமிட்டாருடைய பிறந்த ஊர், பெற்றோர், உடன்பிறந்தார், வந்த கப்பல் ஆகியவற்றைக் கேட்டெழுதினர். பாஸ்டன் நகரத்துப் 'பைலட்' பத்திரிகையில் 1831 முதற்கொண்டு தொண்ணூறு ஆண்டளவும், பிரிந்த உறவினரைத் தேடுவார் ஊரும் பங்கும் குறித்து விளம்பரம் செய்துவந்தனர். அண்ணனைத் தேடிய தங்கையும் கணவனைத் தேடிய மனைவியும் அன்று கண்ணீரோடு எழுதுவித்த வரிகளே இன்று தேடுவார்க்கு வழிகாட்டுகின்றன.

பெயரைப் பற்றியும் ஒருசில கூறல் வேண்டும். ஐரிஷ் பெயர்களில் முன்வரும் 'ஓ' என்பது பேரன், வழித்தோன்றல் எனப் பொருள்படும்; 'மக்' என்பது மகன் எனப் பொருள்படும். முதல் ஆண்மகவிற்குத் தந்தையின் தந்தை பெயரும், இரண்டாமவனுக்குத் தாயின் தந்தை பெயரும் இடுதல் அவரிடைப் பெருவழக்காய் இருந்தது. பாட்டன் பெயரைத் தாங்குவோன் பெயரன் என வழங்கும் நமக்கு இது புதிதன்று. இவ்வழக்கம் வழிகாட்டவும் வல்லது, மயக்கவும் வல்லது. ஒரு பாட்டன் பெயரையே பேரர் பலரும் தாங்கினால், இவன் எவன் என்று துணிவதெங்ஙனம்?

இதற்கு ஒரு சான்று காட்டுவாம். 1892 ஜனவரி முதல் நாள், நியூயார்க் துறையில் எல்லிஸ் தீவுக் குடியேற்ற நிலையம் திறக்கப்பட்டபொழுது முதற்கண் அடிவைத்தவள், கார்க் நாட்டினின்றும் தம்பியர் இருவரோடு வந்த ஆனி மூர் என்னும் 17 வயதுப் பெண். அவள் பின்னர் டெக்சாஸ் சென்று வாழ்ந்தாள் என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. அங்கிருந்த ஒரு குடும்பத்தார் அவள் வழியினராகச் சிறப்பும் பெற்றனர். மேகன் ஸ்மோலென்யாக் என்னும் ஆராய்ச்சியாளர் ஏடுகளை ஆராய்ந்து, டெக்சாஸ் ஆனி மூர் அமெரிக்காவில் இல்லினாய் நாட்டிலேயே பிறந்தவள் என்று 2006-இல் வெளிப்படுத்தினார். மெய்யான ஆனி மூர் நியூயார்க்கின் ஏழையர் சேரியிலேயே வாழ்ந்து, குழந்தைகள் பலரை இழந்து, 1924-இல் மறைந்தாள். பெயர் பொறித்த கல்லுமின்றிக் கிடந்த அவள் புதைகுழிக்கு 2008-இல் கல் நாட்டப்பட்டது.

அன்பர்காள்! இவ்வரலாற்றினின்றும் நாம் கொள்ளத்தக்கது யாது? பெயரொற்றுமை உறவாகாது, கேட்ட கதை சான்றாகாது. புகழ்பெற்ற ஒருவரைப் பாட்டனாராக வரித்துக்கொள்ளல் எளிது. அதனால் மெய்யான பாட்டி கல்லின்றிக் கிடப்பாள்! குலப்பெருமை பேசும் நம்மனோர் இதனைச் சிறப்பாகச் சிந்தித்தல் வேண்டும். நம் முன்னோர் அரசராயிருந்திலராயினும், பஞ்சத்தைத் தாண்டி மக்களை வளர்த்தனராயின் அதனினும் பெருமை வேறு யாது?

ஆதலின் ஒரு வேண்டுகோள். இன்றிரவு இல்லம் சென்றவுடன், முதியோர்பால் அமர்ந்து, அவர்தம் பெற்றோர் பெயர், பிறந்த ஊர், விட்டு வந்த ஊர், வந்த காரணம் ஆகியவற்றைக் கேட்டு எழுதிவையுங்கள். கண்டது இது, கேட்டது இது என்று பிரித்தெழுதுங்கள். பழம் பத்திரங்களைக் கறையானுக்கு விடாதீர்கள். எரிந்த ஆவணக்களரியினின்றும் ஐரிஷ் மக்கள் மீட்டவை சிலவேனும் உள. ஆனால் ஒரு முதியவரோடு மறைந்ததனை எவரும் மீட்டிலர்.